இருபது எண்ணுவதற்குள்

எனக்கு வர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் டைல்ஸ் பதித்த கூலியில் பாக்கி. தர வேண்டியவர் எங்கள் மேஸ்திரி, வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பவர். ரசமட்டத்தைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார் என்பதால் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர். தரை நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் அதை வைத்திருந்தார்.

ஒன்றரை வருடம் நடையாய் நடந்த பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இரண்டு விசாரணைக்கும் அவர் வரவில்லை. மூன்றாவதற்குத் தலைநகரத்திலுள்ள பெரிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ரசமட்டம் எழுதிய கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. முதுகெலும்பு தேய்ந்து படுத்த படுக்கையாக இருப்பதாகவும், எழுந்து நடக்க முடியவில்லை என்றும், கையில் காசே இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் எழுத்துக்கூட்டப் படித்ததே நாற்பத்திரண்டு வயதில்தான். அந்த ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்ததால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். "எதிர்த்தரப்பு வரலேன்னா உங்க பக்கம் உத்தரவு போட்டுக் கொடுத்துருவோம்" என்றார் அதிகாரி.

"பணம் சார்?"

"ஆளத் தேடிப் பிடிச்சு நீங்கதான் வாங்கிக்கணும்."

உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மளிகைக் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு அரிசி தர மாட்டார். இருந்தாலும் போனோம். விசாரணை காலை பத்து மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸே பதினொன்றுக்குத்தான் சேரும். அதனால் முதல் நாளே போய்த் தங்க வேண்டியிருந்தது. மனைவியும் கூட வந்தாள். என்னைத் தனியாக விட்டால் உத்தரவையும் எங்கேயாவது வைத்துவிட்டு வருவேன் என்று அவளுக்குக் கணக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கினோம். பஸ் நிலையத்துக்கு எதிர்த் தெரு முழுக்க லாட்ஜ். நான் ஒரு போர்டைப் படித்து முடிப்பதற்குள் மனைவி அடுத்த வாசலில் நின்றாள்.

"பேரப் படிச்சு என்ன பண்ணப்போறீங்க? உள்ள போய்ப் பாருங்க."

முதல் லாட்ஜில் வாசலில் மீன் தொட்டி இருந்தது. அறையும் பளபளவென்று இருந்தது. நான் நேராகக் குளியலறைக்குப் போனேன். எங்கள் கூட்டத்தில் தரையைப் பார்க்க ஒரு வழக்கம் உண்டு. ரசமட்டம் ஆரம்பித்து வைத்தது. தண்ணீர் போகும் ஓட்டைக்கு எதிர் மூலையில் ஒரு மக்குத் தண்ணீரை ஊற்ற வேண்டும். குந்தி உட்கார்ந்து சத்தமாக எண்ண வேண்டும். இருபது எண்ணுவதற்குள் தண்ணீர் தானாகப் போய்விட்டால் தரையின் சரிவு, எங்கள் பேச்சில் வாட்டம், சரி. போகாவிட்டால் அந்தத் தரையைப் பதித்தவன் நல்ல பேச்சுக் கேட்க மாட்டான். அங்கே நான் இருபத்தாறு வரை எண்ணினேன். தண்ணீர் ஓட்டையின் பக்கமே போகாமல் நிதானமாகக் கட்டிலை நோக்கி வந்தது.

"வேணாம்" என்றேன்.

"குளிச்சிட்டுத் துடைச்சுக்கலாம் சார்" என்றார் அறையைக் காட்டியவர்.

"துடைக்கிற தரைய எதுக்குப் பதிக்கணும்?"

இரண்டாவது லாட்ஜில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எட்டில் ஐந்து டைல்ஸ் வெற்றுச் சத்தம் கொடுத்தது. அடியில் கலவையே இல்லை. சொன்னதும் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க ரூம் எடுக்க வந்தீங்களா, கட்டடத்த வாங்க வந்தீங்களா?"

"இந்த விலைக்கு வாங்கலாம்போலத்தான் இருக்கு" என்றாள் மனைவி. வாடகை ஆயிரத்து நூறு சொல்லியிருந்தார்.

மூன்றாவது லாட்ஜ் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஜன்னல் இருந்தது, விரிப்பு வெளுப்பாக இருந்தது, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்து செருப்பையும் கழற்றிவிட்டாள். நான் குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். எனக்கு முன்னால் தண்ணீர் வந்தது.

"செருப்ப மாட்டு."

"ஏங்க, ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி. தண்ணி வரப்போகுது, நாம போகப்போறோம்."

"இதப் பாத்துட்டு எனக்குத் தூக்கம் வராது."

"கண்ண மூடிக்கிட்டாத்தான் தூக்கமே. மூடுனா எப்படித் தெரியும்?"

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தவள், "அடுத்த லாட்ஜ்ல தண்ணி செவுத்துல ஏறுனாலும் அங்கதான் தங்கறோம்" என்றாள். அவள் குரலை வைத்து அது நடக்கும் என்று தெரிந்தது.

நான்காவது, தெருக் கடைசியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். பெயிண்ட் உரிந்திருந்தது. மின்விசிறி முனகியது. மேனேஜர் ஒரு வயதான ஆள், சாவிக்கொத்தோடு கூடவே வந்தார். குளியலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். முதல் மக்கை ஊற்றினேன். பன்னிரண்டில் தண்ணீர் போய்விட்டது. நம்ப முடியாமல் இன்னொரு மூலையில் ஊற்றினேன். பதினொன்று. வாசல் ஓரம், ஜன்னலுக்குக் கீழே, குழாய்க்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாக ஊற்றிப் பார்த்தேன். எங்கே ஊற்றினாலும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி ஓட்டையைத் தேடிப் போனது. வாளி காலியானபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மேனேஜர் கதவில் சாய்ந்துகொண்டு, "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எப்படி?"

"நேத்து ஒருத்தர் வந்தாரு. இதே மாதிரி குந்திக்கிட்டு எண்ணுனாரு. நாலு ரூமப் பாத்து நாலுலயும் எண்ணுனாரு. நான் ஏதோ நேர்த்திக்கடன்னு நெனச்சேன்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கழுத்துல மப்ளர் சுத்தியிருந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமா. தெரிஞ்சவங்களா?"

"எங்க அண்ணன்தான். உடம்பு ரொம்ப முடியாம இருந்தாரு. எந்த ரூம்?"

"மூணாவது மாடி, ஏசி ரூம். உடம்புக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. லிப்ட் வேலை செய்யலன்னு சொன்னேன், பரவாயில்லன்னு ரெண்டு ரெண்டு படியாத் தாண்டிப் போனாரு."

மனைவி எனக்கு முன்னால் ஏறினாள். நாற்பத்தெட்டுப் படி. கதவைத் தட்டினாள். ரசமட்டம் இடுப்பில் துண்டோடும் வாயில் பிரஷ்ஷோடும் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டதுதான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"அண்ணே, உடம்பு தேவலையா?" என்றாள் மனைவி. கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"முதுகும்மா... எந்திரிக்கவே முடியல..."

"தெரியும்ணே. கடுதாசி வந்துச்சு. இவரு அழாத குறையாப் படிச்சாரு."

ரசமட்டம் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இந்த ஊர்ல முந்நூறு லாட்ஜ் இருக்கே. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"வாட்டம் நல்லா இருந்துச்சு மேஸ்திரி."

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "இந்தத் தெருவுல இது ஒண்ணுதான் ஒழுங்கு" என்றார்.

"மூணாவது லாட்ஜப் பாத்தீங்களா? வாசல் வரைக்கும் வருது."

"அதச் சொல்லாத. எவன் பதிச்சானோ, கைய உடைக்கணும்."

"ரெண்டு பேரும் தரையப் பேசி முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க" என்றாள் மனைவி. "அண்ணே, நீங்க இங்க எதுக்கு வந்தீங்க?"

மேசையில் ஒரு கட்டட வரைபடம் விரிந்து கிடந்தது. ஓரத்திலிருந்த பெரிய எழுத்துகளை நான் கூட்டிப் படித்தேன். ஆஸ்பத்திரி, நான்கு மாடி. நாலு மாடியின் தரைக்கு முன்பணம் வாங்காமல் ரசமட்டம் எங்கள் ஊரை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

"ஆறு மணிக்கு இன்ஜினீயர் பேச வர்றாரு" என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "நீங்க இப்பப் போங்க. நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"நாளைக்கு உங்களால எந்திரிக்க முடியாதேண்ணே. நாங்க இங்கயே இருக்கோம். இன்ஜினீயர் வந்தா அவர்கிட்டயும் உங்க முதுகப் பத்தி ஒரு வார்த்தை சொல்றோம். நாலு மாடி ஏறணுமில்ல, பாவம்."

மணி ஐந்தேகால். ரசமட்டம் எழுந்து உட்கார்ந்தார். முதுகில் ஒரு குறையும் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். "வர்ற மாசம் தரலாம்னுதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நோட்டுகளை எண்ணினார். அவர் எண்ணியதை மனைவி எண்ணினாள், அவள் எண்ணியதை நான் எண்ணினேன். பதினெட்டாயிரம் இருந்தது.

"அறுநூத்தி நாப்பத விட்டுருங்கம்மா. பஸ்ஸுக்கு வேணும்."

"கீழ எங்க ரூம் வாடகை அறுநூறு. உங்க கணக்குல சேத்துக்கச் சொல்லிருங்க."

"அப்ப நாப்பது?"

"அது பாக்கி" என்றாள்.

அறைக்குத் திரும்பியதும் அவள் முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. நான் கீழே போய் மேனேஜரைக் கேட்டேன்.

"காலைல அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும்தான் தண்ணி வரும். அதுக்குத்தானே வாளி நிறைய வெச்சிருந்தேன். என்ன பண்ணீங்க?"

அதை மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் குளியலறைக் கதவைத் திறந்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

காலையில் அலுவலகத்துக்குப் போனோம். ரசமட்டம் வரவில்லை. பணம் வந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் பத்து நிமிடம் என்னையே பார்த்தது போல இருந்தது. அந்த அலுவலகத்தில் அப்படி யாரும் வந்து சொன்னதில்லையாம்.

"முழுசா வந்துருச்சா?"

"வந்துருச்சு சார்."

"நாப்பது ரூபா பாக்கி" என்றாள் மனைவி.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "நாப்பது ரூபாய்க்கு இன்னொரு தேதி போடணும்னா மூணு மாசம் ஆகும். திரும்ப ரெண்டு பேரும் பஸ் ஏறி வரணும், ஒரு நாள் தங்கணும்."

இன்னொரு முறை லாட்ஜ் பார்ப்பதை நினைத்தேன். மனைவியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், வேண்டாமென்று சட்டெனத் தலையை ஆட்டினாள்.

"அப்போ நீங்களே உங்க கையால எழுதிக் கொடுத்துருங்க."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பதினெட்டாயிரத்து அறுநூறு பெற்றுக்கொண்டேன், மீதி நாற்பது ரூபாய் தள்ளுபடி. வரி இடது பக்கம் ஆரம்பித்து வலது பக்கம் போகப்போக நல்ல வாட்டத்தோடு கீழே இறங்கியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி வாங்கிப் பார்த்து முத்திரை குத்தி, ஃபைலில் கோத்து, கயிற்றைக் கட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.