செல்வராணி அக்காவின் மோட்டார்

செல்போனில் விரலை வைத்தால் வயலில் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை வைத்தால் நிற்கும். அதற்கான பெட்டியைப் பிரசாந்த் செய்கிறான். பெட்டிகளோடு பேசுகிற சர்வருக்கு நிரல் எழுதுவது நான். புதுக்கோட்டையில் ஒரு மாடி அறைதான் எங்கள் கம்பெனி. இருநூற்றுப் பன்னிரண்டு வயல்களில் எங்கள் பெட்டி இருக்கிறது. என் சர்வர் ஒருநாளும் விழுந்ததில்லை என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். எந்தப் பிழை வந்தாலும் மூச்சுவிடாமல் விழுங்கிவிடும்படி எழுதியிருந்தேன், பிறகு எப்படி விழும்?

சித்திரையில் ஒருநாள் காலை பதினோரு மணிக்குத் எங்கள் பெட்டியை வாங்கியிருந்த திருவரங்குளத்துச் செல்வராணி அக்கா கூப்பிட்டார். தன் வயல் மல்லிகையை டவுன் பூக்கடையில் போட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வைஷ்ணவி, மோட்டார நிப்பாட்டச் சொல்லி அரை மணி நேரமா அமுக்குறேன், நிக்கவே மாட்டேங்குது! போர்ல தண்ணி நின்னு வெறும் காத்துதான் வருதுன்னு பக்கத்து வயக்காரவுங்க சொல்றாங்க. ரூமு பூட்டிக் கெடக்கு, சாவி எங்கிட்ட இருக்கு. மோட்டார் கருகுச்சுன்னா பத்து நாளைக்குத் தண்ணி இல்ல. மல்லி அம்புட்டும் போயிரும் தங்கச்சி!"

திரையில் அவர் பெட்டி பச்சையாக, இணைப்பில் இருப்பதாகவே தெரிந்தது. சர்வர் எழுதி வைக்கும் பிழைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவின் குரல் நின்றுபோனது. எங்கள் பக்கம் பெரியவர்கள் வைக்காமல் நாங்கள் போனை வைக்க மாட்டோம். "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டே நின்றேன். கடைசியில் அவரே வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"சத்தம் வரலன்னா வச்சிட்டுத் திருப்பிப் போட வேண்டியதுதான? செத்த போன எம்புட்டு நேரம் காதுல வச்சிருப்பீங்க?"

சுரீரென்று உறைத்தது. என் சர்வரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஏதோ பிழை வந்து அந்தப் பெட்டியோடு பேச்சு முறிந்துவிட்டது. பிழையை விழுங்கிய என் நிரல் இணைப்பை மட்டும் மூடவில்லை. பெட்டியும் காத்திருக்கிறது, சர்வரும் காத்திருக்கிறது. மூடியிருந்தால் பெட்டி பத்தே விநாடியில் தானாக மறுபடி கூப்பிட்டிருக்கும்.

அந்த ஓர் இணைப்பை மட்டும் அறுத்தேன். பச்சை அணைந்தது. எட்டு, ஒன்பது, பத்து. மறுபடி பச்சை.

"இப்ப அமுக்குங்கக்கா."

பக்கத்து வயலில் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்: "நின்னுருச்சாம் தங்கச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

அன்று மாலைக்குள் நிரலைத் திருத்தினேன். புரியாத பிழை வந்தால் எழுதி வை, அந்த இணைப்பை மூடு, மற்றவற்றைத் தொடாதே. இவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆறு வயல்களின் பிழைகள் குறிப்பில் வந்து விழுந்தன. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட எங்களைக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் திருவரங்குளத்துக்கே போய் அக்காவிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அந்த ஆறு பேரைப் பற்றியும் சொன்னேன்.

அவர் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு வந்தார். "அவுங்கள்லாம் பொட்டி சரியில்லன்னு கழட்டிப் போட நாள் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நானும் நேத்துக் கழட்டிருப்பேன். ஒரு வாட்டி திட்டிப் பாப்போமேன்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லவேளை திட்டுனீங்கக்கா" என்றேன்.