இரவுச் சாப்பாடு, மாலை ஐந்தரைக்கு

விடுதிப் பள்ளிக்கான விண்ணப்பத்தை ஜோதிகா தானே பூர்த்தி செய்து வைத்திருந்தாள். வகுப்பு எட்டு. தந்தை சகாயராஜ், தாய் விஜயராணி. தொழில் என்ற இடத்தில் இருவருக்கும் சேர்த்து ‘பனியன் கம்பெனி’. ‘சேர விரும்பும் காரணம்’ என்பதற்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தார்கள். கல்வி, ஒழுக்கம் என்று எல்லாப் பிள்ளைகளும் எதையாவது நிரப்பிவிட்டுப் போகிற இடம் அது. இவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: ‘அங்கே இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு.’

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து விஜயராணி அதைப் படித்தாள். கோபம் வந்திருந்தால் தேவலை, நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். வந்தது வெட்கம்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவர்கள் அருள்புரத்துக்கு வந்து பத்து வருஷமாகிறது. ஒரே கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர், அவள் டெய்லர். ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்துவிடும். ஆனால் ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்புகிறவனுக்கு என்ன சீக்கோ என்றுதான் இந்த ஊரில் பார்ப்பார்கள். ஆறு மணிக்கு மறுபடி உட்கார்ந்து எட்டரை வரை அரை ஷிப்ட் ஓட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் சேர்ந்தால்தான் இங்கே ஒரு நாள். வீடு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். கையில் பரோட்டா பார்சல் இருக்கும், இல்லாவிட்டால் மாவு பாக்கெட். ஜோதிகா பாயில் சுருண்டு கிடப்பாள். எழுப்பி உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு ஊட்டிவிட்டுப் படுக்க வைப்பார்கள்.

“போட்டும் விடு. அங்கயாவது நேரா நேரத்துக்குத் திங்கட்டும்,” என்றான் சகாயராஜ். நல்ல மனுஷன்தான். ஆனால் வெட்டுவது தொழிலாகிவிட்டதால் எதையும் சட்டென்று வெட்டிப் போட்டுவிடுவான்.

“சனிக்கிழமதான் கடைசி நாளு. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றாள் விஜயராணி. ஏழு மணிக்குச் சோறுதானே, அதைத் தன்னால் போட முடியாதா? வீம்பு பிடித்துக்கொண்டது.

ஒரு பனியனை ஒரே ஆள் உட்கார்ந்து தைப்பதில்லை. தோளை ஒருத்தி மூட்டுவாள், கழுத்துப் பட்டியை இன்னொருத்தி வைப்பாள், கையை வேறொருத்தி. பண்டல் கட்டி, நம்பர் ஒட்டிக் கைமாற்றிக்கொண்டே போனால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் உருப்படி விழும். சோற்றுக்கு மட்டும் அது ஆகாதா என்ன? அன்று முழுக்க அடுப்படியே கதியாகக் கிடந்தாள். தக்காளித் தொக்கு வதக்கினாள். புளிக்காய்ச்சல் காய்ச்சினாள். அரிசியையும் பருப்பையும் அளந்து பொட்டலம் கட்டினாள். ஒவ்வொரு டப்பாவிலும் நம்பர் ஸ்டிக்கர், கூடவே ஒரு சீட்டு: ‘ஒன்றாம் நம்பர். அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை, தொக்கு மூன்று கரண்டி, மூன்று விசில்.’ கடைசி வேலை மட்டும் ஜோதிகாவுடையது. நம்பரைப் பார்த்துக் குக்கரில் போட்டு அடுப்பை மூட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குக் கம்பெனியில் விஜயராணியின் போன் அதிர்ந்தது. ஆவி பறக்கத் தக்காளி சாதம், ஜோதிகா வீட்டுப் போனில் தட்டோடு எடுத்து அனுப்பிய போட்டோ. செவ்வாய்க்கிழமை பருப்பு சாதம். புதன்கிழமை புளி சாதம், ஓரத்தில் அப்பளம்கூட இருந்தது. விஜயராணிக்குத் தலைகால் புரியவில்லை. லைன் சூப்பர்வைசர் இந்துமதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பாருங்க மேடம், ஏழு மணி டான்னு!”

“அட, சமத்துக் கண்ணுங்க! எம்பட பையனுக்குத் தண்ணி காய வெக்கக்கூடத் தெரியாதுங்க,” என்று இந்துமதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஜோதிகாவுக்குச் சடை பின்னும்போது மெல்லப் பேச்சை எடுத்தாள்.

“என்னட்டி, இப்பத்தான் ஏழு மணிக்குச் சோறு வந்துட்டுல்லா. அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுருவமா?”

“வேண்டாம்மா. இருக்கட்டும்.”

“ஏன், உப்பு ஒறைப்பு சரியில்லையா?”

“நல்லாத்தாம்மா இருந்துச்சு.” பின்னிய சடையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “அங்க எல்லாரும் வரிசையா உக்காருவாங்களாம். தட்டுல யாராவது போடுவாங்களாம்.”

“நான் தெனமும் ஊட்டியே விடுதேனேட்டி!”

“ஊட்டுவ. எனக்குத்தான் ஞாபகமே இருக்காது. காலைல கழுவாத தட்டப் பாத்துத்தான் நேத்து என்ன தின்னேன்னு கண்டுபிடிப்பேன்.”

குறை சொல்லும் குரலில் சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். அவளோ சும்மா சொன்னாள். விஜயராணி ரிப்பனைக் கோணலாக முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிந்தாள். இத்தனை வருஷம் ஊட்டிய சோறெல்லாம் தனக்கு மட்டும்தான் தெரியும், பிள்ளைக்கு அதில் ஒரு வாய்கூடத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று ஒரு பண்டல் முழுக்க முன்பக்கம் பின்பக்கம் மாற்றித் தைத்துவைத்து, இந்துமதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிரித்து முடிப்பதற்குள் ஐந்தரை மணி அடித்தது. எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். எதிர்த்த டீக்கடையில் சகாயராஜ் பஜ்ஜியைத் தாளில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தான். ஆறு மணிவரை அரை மணி நேரம் சும்மாதான் கிடக்கிறது. வீட்டுக்குப் போய்வரலாம் என்றால் நடையிலேயே அது தீர்ந்துவிடும். அதனால் பத்து வருஷமாக அதை பஜ்ஜிக்குக் கொடுத்தாயிற்று. ராத்திரிச் சாப்பாட்டை இருட்டிய பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு ஐந்தரைக்குப் பசிக்காதா? தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

“நாளைக்கு பஜ்ஜி திங்காதீங்க,” என்றாள் அவனிடம் போய்.

“ஏன், எண்ணெ சரியில்லையா?”

“புள்ள சோறு கொண்டாருவா.”

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அவர்கள் வெளியே வந்தபோது, துண்டு சுற்றிய குக்கரும் தட்டுகளுமாக ஜோதிகா வாசலில் நின்று வாட்ச்மேன் அப்புசாமியோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்.

“உள்ள உட முடியாது கண்ணு. மேனேசரு பாத்தா என்னையத்தான் கேப்பாரு.”

“நானு உள்ள வல்லீங்க தாத்தா. இங்கயே நிக்கறேனுங்க.”

வீட்டுக்குள் கோவில்பட்டிப் பேச்சு, வாசலைத் தாண்டினால் இந்த ஊர் ‘ங்க’. விஜயராணிக்குச் சிரிப்பு வந்தது. அப்புசாமி தன் பெஞ்சை இழுத்து வந்து சுவர் நிழலில் போட்டார். “நிக்கறது எதுக்கு, சோத்த உக்காந்து தின்னுங்க,” என்றார்.

கரண்டியை ஜோதிகா எடுத்தாள். விஜயராணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். “நீ உக்காரு. நான் போடுதேன்.”

ஐந்தாம் நம்பர், அரிசிம்பருப்பு சாதம். சின்ன வெங்காயமும் பூண்டும் மணத்தன. “இது நம்மூருச் சாப்பாடே இல்ல,” என்று குறைபட்டுக்கொண்டே சகாயராஜ் இரண்டாம் முறை தட்டை நீட்டினான். வெயில் இன்னும் இறங்கவில்லை. பல்லடம் பஸ்கள் ஹாரன் அடித்துப் பறந்தன. அந்த இரைச்சலுக்கு மேலே ஜோதிகா பேசினாள். முழு முழிப்போடு சாப்பிட்டுக்கொண்டே, மூச்சுவிடாமல் பேசினாள். நீளம் தாண்டுதலில் இரண்டாவதாக வந்தது, கணக்கு மிஸ் இவளை முதல் பெஞ்சுக்கு மாற்றியது, கூடப் படிக்கும் ரோஸ்மேரியோடு சண்டை போட்டது.

“முதல் பெஞ்சுக்கு ஏன் மாத்துனாங்க?” என்றான் சகாயராஜ்.

“போர்டு தெரியலப்பா. மங்கலா இருக்கு.”

“எத்தன நாளா?”

“ஜூன்லருந்து.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஞாயித்துக்கெழம கண்ணாடிக் கடைக்குப் போறோம்,” என்றான் அவன். 

விஜயராணி இன்னும் தன் தட்டில் கை வைக்கவில்லை. பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஆறாகப் போகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று கேட்டேவிட்டாள்.

“நாளைக்குத்தான் கடைசி நாளு. போறியாட்டி? போறதுன்னா சந்தோசமாப் போ, நான் கையெழுத்துப் போடுதேன். அழமாட்டேன்.”

ஜோதிகா விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள்.

“ரோஸ்மேரி என்னைய என்ன சொன்னான்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லு.”

“பெரிய கதைம்மா அது. ஒரு வாரத்துக்கு வரும். ஹாஸ்டலுக்குப் போயிட்டா அத நான் யாருகிட்டச் சொல்றது?”

மணி அடித்துவிட்டது. விஜயராணி நின்றபடியே மூன்று வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, முந்தானையால் கண்ணையும் வாயையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.