நீலப் பென்சில் வெட்டிய பத்தி

வாரப் பத்திரிகை நின்று ஆறு வருடம் ஆகியும் தெரு அவரைப் பத்திரிகைக்காரர் என்றே சொல்லிவந்தது. அப்பா தொடங்கி, அவர் வளர்த்து, ஐம்பத்தெட்டு வருடம் ஊர்ச் செய்தியை ஊருக்குச் சொன்ன குடும்பம். அந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் யாரிடமும் கை நீட்டியதில்லை. விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களுக்குக்கூட நன்றி என்று ஒரு வரி அச்சிட்டதில்லை. நாங்கள் இடம் கொடுத்தோம், அவர்கள் காசு கொடுத்தார்கள், இதில் நன்றி எங்கே வந்தது என்பார்.

அச்சு இயந்திரம் போன பிறகு காலியாகக் கிடந்த அறையில் மருமகள் வானொலி நடத்தினாள். பெரிய வானொலி இல்லை. சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு தெருக்களுக்குக் கேட்கும். எந்தச் சாலையில் குழி வெட்டியிருக்கிறார்கள், எந்தப் பஸ் இன்று ஓடாது, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லும். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படிக்கிற பன்னிரண்டு இளவட்டங்களின் ராஜ்ஜியம். அவர்களே போய் விசாரித்து, அவர்களே பதிவு செய்து, அவர்களே வாசிப்பார்கள். பத்திரிகைக்காரர் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரமும் பக்கம் திரும்பாது.

இப்படி இருக்கையில்தான் ஒலிபரப்புக் கருவிக்கு ஆபத்து வந்தது. அது இரவல். கொடுத்தவர் அடுத்த மாதக் கடைசிக்குள் திருப்பித் தரச் சொல்லிவிட்டார். புதிதாக வாங்க வழியில்லை. உள்ளூர் ஊடகத்துக்கும் இளைஞர் பயிற்சிக்கும் நிதி தரும் ஓர் அறக்கட்டளை இருப்பதை மருமகள் கண்டுபிடித்து, இரண்டு ராத்திரி கண்விழித்து விண்ணப்பம் எழுதினாள். எழுதியதை வழக்கம்போல் மாமனாரிடம் கொடுத்தாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுத்து எதுவானாலும் அவர் நீலப் பென்சிலால் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பக்கத்தை அதற்கப்புறம் யாரும் திருப்பிப் படிக்கக்கூடாது. நேராக அச்சுக்குப் போகும். பத்திரிகைக் காலத்துச் சட்டம் வானொலிக் காலத்திலும் அப்படியே நின்றது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் அமைப்பில் உள்ள குறைகள் என்ன? மருமகள் ஒரு பத்தி நிறைய எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க அவருக்குக் காது சூடாயிற்று. வீட்டு அழுக்குத் துணியை நடுத்தெருவில் காயப்போட்டது போல் இருந்தது. பென்சிலை எடுத்து, ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி பத்தி முழுவதையும் அடித்தார். மேலே, ‘ஐம்பத்தெட்டு ஆண்டுப் பாரம்பரியம் கொண்ட எங்கள் நிறுவனத்தில் குறை என்று எதுவும் கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைக் கூட்டத்தில் வாயாடி என்று பெயர் வாங்கிய பெண்தான் தட்டச்சு செய்பவள். சட்டம் தெரிந்தவள். மருமகளிடம் மறுபடி காட்டாமல், உள்ளபடியே தட்டி அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் நிறுவனத்தில் குறை எதுவும் இல்லை என அறிந்து மகிழ்கிறோம், குறை உள்ளவர்களுக்கே நிதி ஒதுக்குவதாக இருக்கிறோம், வரும் வியாழக்கிழமை குழு கூடி முடிவு செய்யும், அதற்கு முன் விண்ணப்பத்தில் திருத்தம் இருந்தால் தெரிவிக்கலாம்.

மருமகள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு அடித்த பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து அவர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, "சரி விடுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். தயாராக வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

வாயாடிதான் விடவில்லை. "தாத்தா, நீங்க எழுதினதப் படிச்சா நாமதான் அவங்களுக்குப் பணம் அனுப்பணும் போல இருக்கு."

மற்றப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். அடித்த பக்கத்தை ஒரு கோப்பில் வைத்து, எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். அவருடைய பத்திரிகையில் இன்னொரு சட்டமும் இருந்தது. தவறு எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் அதே அளவில் வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கக்கூடாது. ஊரில் எத்தனையோ பேரின் வாயை அந்தச் சட்டத்தைச் சொல்லி அடைத்தவர், தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?

அறக்கட்டளை அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறிப்போய், நெகிழி நாற்காலியில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு மருமகள் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது. வீட்ல யாருக்கும் இதுல பங்கு இல்ல. திருத்தம் சொல்ல வந்திருக்கேன்" என்று கோப்பைத் திறந்து வைத்தார்.

அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலம்தான் தெரிந்தது. "என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா ஐயா?"

இருந்தது. ஒரே தரம் படித்ததுதான், ஆனால் வரிக்கு வரி இருந்தது. சொல்லத் தொடங்கினார். மைக் இரண்டு, அதில் ஒன்று இரைகிறது. கூரை தகரம், மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தவேண்டும். கருவி இரவல். பஸ் காசு இல்லாமல் மூன்று பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தாள். பத்தி முடிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"மருமக எழுதாதது ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா அவ ஒரு பைசா சம்பளம் எடுக்கல. பகல்ல தையல் தைக்கிறா. மிச்சப் பிள்ளைங்களுக்கு பஸ் காசு அதுலேருந்துதான் போகுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா." அடித்த பக்கத்தைக் காட்டினார். "எழுதியிருந்தா அதையும் அடிச்சிருப்பேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "உட்காருங்க ஐயா" என்றாள் மறுபடியும். இந்த முறை உட்கார்ந்தார்.

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சம் என்று அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, தானாகவே சொன்னாள்: "இது தர்மம்னு நெனைக்காதீங்க. யாரோ ஒருத்தர் இந்த மாதிரி வேலைக்குன்னு சொத்த எழுதி வச்சிட்டுப் போனாங்க. நாங்க தபால்காரங்க மாதிரி. சரியான விலாசம் கெடைச்சா கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். நீங்க விலாசத்த அடிச்சிட்டீங்க, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னார்கள். கருவிக்கும், மைக்குகளுக்கும், கூரைக்கும், பிள்ளைகளின் பஸ் காசுக்கும் நிதி உண்டு. நடத்துகிறவருக்கு மாதச் சம்பளமும் உண்டு. மருமகள் ரிசீவரைப் பிடித்தபடியே மாமனாரைப் பார்த்தாள். சம்பளத்தைப் பற்றி அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் பக்கத்து அறையில் உட்காரவில்லை. மைக் இருந்த அறைக்குள் வந்து, நிமிர்ந்து நின்று, ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டார். வாயாடி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"நம்ம வானொலியில குறை எதுவும் இல்லன்னு நான் எழுதிக் கொடுத்தேன். அது தவறு. குறை நிறைய இருந்துச்சு. அத நாங்க சொன்னப்போ காது கொடுத்துக் கேட்டவங்க இருக்காங்க." கொஞ்சம் நின்றார். தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கும் சத்தம்கூட ஒலிபரப்பாயிற்று. "அவங்களுக்கும், இத்தன நாளா இத நடத்தின என் மருமகளுக்கும் நன்றி."

ஐம்பத்தெட்டு வருடம் அச்சில் வராத சொல் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

ஆறு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து அடுத்த படிவம் வந்தது. மூன்று பிள்ளைகளும் திரும்பி வந்திருந்தார்கள். கூரையும் மாறியிருந்தது. குறைகள் என்ன என்ற கேள்விக்கு மட்டும் தானே பதில் எழுதுவதாக அவர் வாங்கிக்கொண்டார். கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பியது. கதவு கிறீச்சிடுவது வரை எழுதியிருந்தார்.

மருமகள் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மாமா, கொஞ்சம் வெட்டட்டுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அவள் வெட்டினாள். ஓரத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். யாரும் திருப்பிப் படிக்காமல் அது தபாலுக்குப் போயிற்று.