அடியிலும் அதே இலை

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பானது ஒரே நாளில் அல்ல. அதை நான் ஒப்புக்கொண்டதுதான் ஒரே நாளில். காய்த்துக்கொண்டிருந்த பழைய திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கினேன். மனைவியின் தம்பி நாற்றுப்பண்ணை வைத்திருந்தான். கீழே உப்பைத் தாங்கும் காட்டுக்கொடியின் வேர், மேலே நம் திராட்சை என்று ஒட்டுக்கன்றுகள் தந்தான். அவனே வந்து நட்டும் கொடுத்தான். "ஒட்டு மேல வெயில் படக்கூடாது மாமா" என்று ஒவ்வொரு கன்றுக்கும் சாண் உயரம் மண் அணைத்தான். எவ்வளவு அக்கறை! அந்த யோசனையை நானும் என் சொந்தச் சரக்கு மாதிரி பத்துப் பேரிடம் அவிழ்த்துவிட்டேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டம். அதே கிணறு, அதே வாரம் நட்டது. இரண்டு வருடத்தில் அவன் கொடி பந்தலை மூடிவிட்டது. என் கொடியோ பந்தல் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இலையோரமெல்லாம் தீய்ந்திருந்தது. என் கைராசி அப்படி என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். இந்த வருடமும் காய்க்காவிட்டால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்பதை மட்டும் சிரிக்காமல் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அன்று காலை அடித்தளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னங்க, தம்பி தோட்டத்துல அடியில முளைக்கிறது வேற இலையால்ல இருக்கும்? வட்டமா, பளபளன்னு. இங்க மேலயும் கீழயும் ஒரே இலையா இருக்கே."

"நம்ம கொடிக்கு ஒழுக்கம் ஜாஸ்தி" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் உறைத்தது. வேர் காட்டுக்கொடி என்றால் அடியில் முளைப்பதும் காட்டு இலையாகத்தானே இருக்க வேண்டும்? மண்ணைத் தோண்டினேன். தண்டு வழவழவென்று வேர்வரை இறங்கியது. ஒட்டுக் கட்டிய முடிச்சே இல்லை. அடுத்ததிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. ஏழாவதோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாமே திராட்சைக் குச்சியை அப்படியே மண்ணில் குத்தி வேர்விட வைத்தவை.

மச்சினன் தன் பந்தலுக்கடியில் நின்றிருந்தான். என் கைகளில் இருந்த மண்ணைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"ஒட்டுல பாதி பட்டுப்போச்சு மாமா. பாதிதான் தேறுச்சு."

"தேறின பாதி எங்கடா?"

தலைக்கு மேலே தொங்கிய குலைகளை அவன் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

"வேற யாராவதுன்னா வீடு தேடி வந்து கத்துவாங்க. நீங்கன்னா ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு..."

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவுகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. பாவி, என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறான்.

"அவரு சொல்லமாட்டாரு." பின்னாலேயே வந்திருந்த மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். "கத்திரிய எடுடா. உன் கொடியில அடியில முளைச்ச காட்டுத்தளிர் ஒண்ணு விடாம வெட்டிக் கட்டு. எங்க தோட்டத்துல நீதான் நடணும். ஒட்டும் நீதான் கட்டணும். நான் பக்கத்துலயே நிப்பேன்."

"அக்கா..."

"வெட்டு."

வெட்டினான். அவை வேர்விட்டு, ஒட்டுக் கட்டி, காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை நிலம் எங்கள் கையில் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

தளிர்க்கட்டைத் தோளில் சுமந்து அவன் என் பின்னால் வந்தான். வாய்க்காலைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் அவனுக்குக் கை கொடுக்கத் திரும்பினேன். அவனும் கையை நீட்டினான். நான் என் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தேன்.