சக்கரத்துக்கு ஒரு பூட்டு

காரையே கொண்டுபோயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. காரை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தான். வண்டி செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தச் செங்கலும் எதிர்வீட்டில் கட்டட வேலைக்கு இறக்கி வைத்தது. தொழிலுக்குச் சொந்தமாக நாலு செங்கல் வாங்கி வைத்துக்கொள்ளாத திருடனை என்னவென்று சொல்வது?

அது என் மனைவியின் கார். எட்டு வருஷம் இன்னொருவருடைய டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். கிளட்ச்சை மிதிக்காமல் கியரைப் பிடித்து இழுக்கிறவர்களிடம்கூட அவள் குரல் உயராது. அதனாலேயே பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். ஒருநாள் வேலையை விட்டாள். பழைய கார் ஒன்றை வாங்கி, கற்றுக்கொடுக்கிறவர் பக்கம் இரண்டாவது ஜோடி பெடல் போட்டு, பெண்களுக்கென்று தனியாக ஒரு ஸ்கூல் தொடங்க அனுமதி கேட்டு எழுதினாள். பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வண்டியைப் பார்வையிட அதிகாரி தேதியும் கொடுத்தாயிற்று. அந்தத் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் வாசலில் செங்கல்.

இதில் எனக்குத் தனியாக ஒரு அவமானமும் உண்டு. நாங்கள் மூன்று தலைமுறையாகப் பூட்டு வியாபாரம். கதவுப் பூட்டு, ஷட்டர் பூட்டு, பெட்டிப் பூட்டு, எல்லாம் விற்போம். பூட்டுக்கடைக்காரன் வீட்டு வாசலிலேயே திருடு போனதைத் தெரு நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர், "உங்க கடையில வீலுக்குப் பூட்டு இல்லையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருந்தார் பாருங்கள், அதுதான் எரிந்தது.

புதுச் சக்கரம் இரண்டு போட்ட கையோடு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பூட்டு நட்டுகள். தலையில் பூப்போல ஏதோ வெட்டியிருக்கும். அதற்கென்று செய்த சாவியைப் பொருத்தினால்தான் ஸ்பேனர் பிடிக்கும். பெட்டிக்குள் சாவி இரண்டு. விலையைப் பார்த்தேன், சிரித்தேன். விலையைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நடை பழகுமுன்பே வந்துவிடும்.

"ரெண்டு சாவி எதுக்குப்பா? ஒண்ணு போதும். இன்னொண்ணை நீயே வச்சுக்கிட்டு விலையைக் குறை."

"சார், அது செட்டோட வர்றது. அந்த ஒத்தைச் சாவியை வச்சு நான் யார் வண்டியத் திறக்க?"

"அது உன் சாமர்த்தியம். சரி, கழட்டற பழைய நட்டு நாலையும் எடுத்துக்க. நல்ல இரும்பு. அதுக்கும் சேர்த்துக் குறை."

"உங்களுக்கு என்ன தொழில் சார்?"

"பூட்டு."

"அதானே," என்று சொல்லிவிட்டுக் குறைத்தான். சாவி ஒன்றும் பழைய நட்டுகளும் அவனிடம் தங்கின. மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு சாவியைக் கொடுத்து விலையைக் குறைத்த கதையைச் சொன்னேன்.

"சாவி வண்டியிலதானே இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"வண்டியிலயே சாவியை வச்சா அதுக்குப் பேரு பூட்டா? அது என் பொறுப்பு, விடு."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பூட்டு இருக்கிற கூரையின் கீழ் அதன் சாவி தூங்கக்கூடாது. வீட்டின் மாற்றுச் சாவி கடையில், கடையின் மாற்றுச் சாவி அண்ணன் வீட்டில், அண்ணன் வீட்டுச் சாவி எங்கள் வீட்டில். இந்த ஏற்பாட்டால் நாங்கள் எத்தனையோ தடவை மழையில் வெளியே நின்றிருக்கிறோம். ஆனால் திருடன் உள்ளே வந்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வோம். சக்கரத்துச் சாவியையும் மறுநாளே கொண்டுபோய்க் கடையின் பின்சுவரில் ஆணியில் மாட்டினேன். மாட்டினதோடு மறந்தும் போனேன்.

பார்வையிடும் நாள் வந்தது. அரசு மைதானம், கடையிலிருந்து ஒன்றரை மணி நேரம். சுண்ணாம்புக் கோடு போட்ட தரை, ஒரு தகரக் கொட்டகை, அதிகாரிக்கு ஒரு மேஜை, வாசல் பக்கம் ஒரு டயர்க்காரரின் பெட்டிக்கடை. அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் வெறுங்கண்ணால் பார்த்தார். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, இரண்டாவது பெடலை அவரே மிதித்துப் பார்த்தார். என் மனைவி பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி பதினொன்றே கால்.

"முன் வீல் ஒண்ணைக் கழட்டுங்கம்மா. பெடல் கூடுதலாப் போட்டிருக்கீங்க, உள்ளே பிரேக்கைப் பார்க்கணும்."

அவளே ஜாக்கி வைத்தாள். அவளே மூன்று நட்டைக் கழற்றினாள். நாலாவதின் முன்னால் மண்டியிட்டபடி, திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"சாவி."

நான் சட்டைப்பையைத் தொட்டேன். அதில் இல்லை என்று தெரிந்துகொண்டே இன்னொரு பையையும் தொட்டேன்.

"என்னங்க, சாவி."

"கடையில இருக்கு."

கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக மடங்கியது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு நான் அடுத்த ஊருக்குக் கிளம்பணும். அதுக்குள்ள வீல் கீழே இருந்தா கையெழுத்து. இல்லேன்னா அடுத்த தேதி மூணு மாசம் தள்ளித்தான் இருக்கு. வருத்தப்படாதீங்க, நிறையப் பேருக்கு இப்படி ஆகுது."

மூன்று மாசம். பதினோரு பேரும் அதுவரைக்கும் காத்திருக்கமாட்டார்கள். பழைய ஸ்கூலுக்கே போய்விடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் கடையில் இருந்த அண்ணனுக்குப் போன் அடித்தேன். அவன் மேல் பாய்ந்தால் பாதிப் பாவம் அங்கே இறங்கும் என்று ஒரு கணக்கு.

"அந்த வீல் சாவியா? கவலையே படாதே. பத்திரமா இருக்கு," என்றான் அண்ணன்.

"பத்திரமா இருக்கறதுதான்டா பிரச்சினை! இங்க வேணும்!"

"வண்டி அங்க, சாவி இங்க. திருடன் ரெண்டு இடத்துக்கு அலையணும். சரியாத்தானே இருக்கு?"

"திருடனுக்கு இல்லடா, எனக்கு வேணும்! எனக்கு!"

"சத்தம் போடாதே. கடையில ஆள் இருக்காங்க. சாயங்காலம் வரும்போது எடுத்துட்டு வரேன்."

போனைத் தரையில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அதையும் பேரம் பேசித்தானே வாங்கினேன் என்று விட்டேன்.

இதற்குள் டயர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். தொப்பையும் நரைத்த மீசையுமாக, எந்த அவசரமும் இல்லாத மனிதர். நட்டைக் குனிந்து பார்த்தார். "ஓ, பூட்டு. கழட்டிடலாம்," என்று ஒரு கூலியைச் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் கேட்டால்தானே. என்னையறியாமல் சிரித்தேன்.

"ஒரே ஒரு நட்டுக்கா? பாதி தரேன், நடக்கற பேச்சா பேசுங்க."

"நடக்கறேன்," என்று அவர் பெட்டிக்கடையைப் பார்த்து நடந்தார்.

அந்த மைதானத்தில் கோடுகளுக்கு நடுவே பின்னால் வண்டி எடுக்கப் பழகிக்கொண்டிருந்த ஒருவன் பிரேக் போட்டு நின்றான். அவ்வளவு சத்தம். எட்டு வருஷமாக உயராத குரல் அது.

"நீங்க வாயைத் திறக்கக்கூடாது! இன்னிக்கு முழுக்கத் திறக்கக்கூடாது! சாவியை வித்தீங்க, மிச்சச் சாவியை ஆணியில மாட்டினீங்க, இப்ப என் ஸ்கூலையும் பாதி விலைக்குத் தரேன்னு நிக்கறீங்களா? திருடன் ரெண்டு சக்கரம்தான் எடுத்தான். நீங்க நாலையும் எடுத்துட்டீங்க!"

"நான் நல்லதுக்குத்தான்..."

"பேசாதீங்கன்னேன்!"

அவள் ஓடினாள். டயர்க்காரரிடம் என்ன சொன்னாளோ, எவ்வளவு சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அவர் ஒரு சுத்தியலும், நட்டின் மேல் தொப்பிபோல் கவிழ்கிற பழைய சாக்கெட் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டு நட்டின் தலையைவிட ஒரு நூல் சின்னதாகப் பார்த்து எடுத்த சாக்கெட். அதைத் தலையில் வைத்து நாலு அடி அடித்தார். இறுகிப் பிடித்தது. ஸ்பேனரை மாட்டி முழு உடம்பையும் சாய்த்தார். ஒரு கீச்சு, ஒரு தளர்ச்சி, அவ்வளவுதான். சாக்கெட்டுக்குள் நசுங்கிப்போன பூவோடு என் பூட்டு வெளியே வந்தது.

மணியைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

என் கோபம் இப்போதுதான் உண்மையில் ஏறியது. சாவி இல்லாமல் நாங்கள் தவித்த பூட்டை ஒரு சுத்தியல் திறந்துவிட்டது! "இதுக்கா காசு வாங்கறான் அந்தக் கடைக்காரன்? ஏமாத்து வேலை! திருடன்கிட்டயும் இந்தச் சுத்தியல் இருக்காதா?"

"இருக்கும் சார். என்னைவிட நல்லதாவே வச்சிருப்பான்," என்றார் டயர்க்காரர். "ஆனா நாலு அடி அடிச்சேன் பாருங்க, அந்தச் சத்தத்துக்கு அவன் பயப்படுவான். நாலு வண்டி வரிசையா நின்னா, பூட்டு இல்லாத வண்டிக்குப் போயிடுவான். வெளிச்சத்துல நிறுத்துங்க, நல்ல சாமானாப் பார்த்து மாட்டுங்க, உபயோகம்தான். பூட்டுன்னா திருடனை நிறுத்தறது இல்ல சார். பக்கத்து வீட்டுக்கு அனுப்பறது."

இது என் வசனம். கடையில் ஷட்டர் பூட்டு வாங்க வருகிறவர்கள், 'இதைப் போட்டா திருடன் வரமாட்டானா?' என்று கேட்கும்போது இருபது வருஷமாக நான் சொல்கிற அதே வசனம். சொல்லிவிட்டு உத்தரவாதக் கார்டையும் கொடுப்பேன். என் சரக்கை எனக்கே விற்றுவிட்டுப் போகிறார் மனிதர்.

அதிகாரி குனிந்து பிரேக்கைப் பார்த்தார். விரலால் தட்டினார். "நல்லா இருக்கு. மாட்டுங்க." அவள் சக்கரத்தை ஏற்றி மூன்று நட்டை முறுக்கினாள். நாலாவது இடம் காலியாக இருந்தது.

"மூணு நட்டோட நிக்கற வண்டிக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்றார் அதிகாரி. "பழைய நட்டு ஒண்ணு இருக்குமே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. திறக்காமலே மாட்டிக்கொண்டேன்.

"நட்டையுமா?" என்றாள் அவள். இந்தத் தடவை சத்தம் இல்லை. சத்தமே தேவலை என்று தோன்றியது.

பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம். டயர்க்காரரின் கடையில் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய நட்டு, போல்ட், வாஷர், துருப்பிடித்த இன்னபிற. அவள் அதைச் சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் கவிழ்த்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள், ஓடிப்போய்ச் சக்கரத்தின் திருகு மறையில் பொருத்துவாள், சேராது, எறிவாள். நானும் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். பத்து, பதினைந்து, எத்தனையோ. அதிகாரி மேஜையில் கோப்புகளைக் கட்டத் தொடங்கினார். ஆறு நிமிஷம் இருக்கும்போது, காவி நிறத்தில் ஒரு நட்டு விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவள் ஸ்பேனரை மாட்டி, காலால் மிதித்து இறுக்கினாள். மிதித்ததில் பாதி எனக்கு விழவேண்டியது.

"எவ்வளவு?" என்று டயர்க்காரரிடம் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் எதுக்கும்மா. நல்ல நட்டைக் குப்பைன்னு கழிச்சுட்டுப் போறவங்க நாட்டுல நிறையப் பேரு," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அதிகாரி வந்து அந்த நட்டை மட்டும் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். "சாவியை வண்டியிலயே ஒளிச்சு வைங்கம்மா," என்றார். "வழியில பஞ்சர் ஆனா கடையைத் தூக்கிட்டா வருவீங்க?"

அவள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். விரலெல்லாம் துரு. போனை எடுத்து, காத்திருக்கிறவர்களில் முதல் பெண்ணை அழைத்தாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்கம்மா. ஒண்ணும் பயப்படாதீங்க, மெதுவாச் சொல்லித்தரேன்," என்றாள். பழையபடி அதே பஞ்சு போன்ற குரல்.

அப்பாடா, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து, நான் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"அந்த சீட்டு கத்துக்கொடுக்கறவங்களுக்கு," என்றாள், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "நீங்க பின்னாடி ஏறுங்க."