பேவுக்குள் எரிந்த டார்ச்

ஒரு சொல் எந்த ஊரில் பிறந்தது என்று தெரிந்துவைத்திருப்பவனை அந்தச் சொல் ஒருநாளும் கைவிடாது என்பது கௌஷிக்கின் சித்தாந்தம். பொறியியல் படிக்கக் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தவன், பொறியியல் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்திருந்தான். 1998-இல் கல்லூரி விழாவின் சொற்கண்காட்சிக்கு அவன் எடுத்துக்கொண்ட சொல் 'சைலோ'.

"கிரேக்கத்துல சிரோஸ். தானியம் கொட்டி வைக்கிற குழி. ஸ்பெயினுக்குப் போய் சிலோ ஆச்சு, இங்கிலீஷ்ல சைலோ. அப்புறம் பண்ணையில கோபுரமா எந்திரிச்சு நின்னுச்சு. இப்ப ஏவுகணையைக் கூட்டிட்டு மறுபடியும் மண்ணுக்குள்ளயே போயிருச்சு. சொந்த ஊருக்குத் திரும்பின ஒரே சொல்லு இதுதான் தேஜஸ்."

வகுப்புத் தோழன் தேஜஸ் தன் அப்பாவின் கேமராவில் ஃபிலிம் மாட்டிக்கொண்டிருந்தான். நானா பேட்டையில் ஒரு பழைய தானிய வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் அவன் குடும்பம் வாடகைக்கு இருந்தது. முற்றத்தில் கல்மூடி போட்ட தானியக் குழி. மராட்டியில் பேவ் என்பார்கள். கண்காட்சிக்கு அதன் உட்புறப் படம் வேண்டும். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு நாசிக் போயிருந்த மதியம், கடப்பாரை போட்டு மூடியை நெம்பினார்கள். புளித்த வாடை அவசரமில்லாமல் மேலே வந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் மிஞ்சியிருந்த சோளம் கறுத்துக் கிடந்தது.

தேஜஸின் அக்கா சஹானா ஒரு டப்பாவில் மெழுகுவத்தியை நிறுத்திச் சணலில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"முதல்ல இதை இறக்கலாம். எங்க ஆயி விளக்கை இறக்கிப் பாத்துட்டுதான் ஆளை உள்ள விடுவாங்க."

"ஆரத்தியா? தேங்காய் எங்க?" கௌஷிக் சிரித்தான்.

மெழுகுவத்திச் சுடர் பாதி வழியில் குறுகி, அணைந்தது.

"காத்து," என்றான் கௌஷிக்.

"குழிக்குள்ள ஏதுடா ஹவா?" என்றாள் சஹானா.

அவன் வாதம் செய்யவில்லை. அறிவியல் முறைப்படி நிரூபித்தான். டார்ச்சை எரியவிட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினான். அடிவரைக்கும் போய்த் துளியும் மங்காமல் எரிந்தது.

"அணைஞ்சுதா?"

தேஜஸுக்கு நியாயமாகத்தான் பட்டது. மூங்கில் ஏணியில் கால் வைத்தான். சஹானா இன்னொரு கயிறு எடுத்து அவன் இடுப்பில் கட்டினாள்.

"மாட்டுப் பொங்கலும் இன்னிக்கேவா," என்றான் கௌஷிக்.

தேஜஸின் தலை குழியின் வாய்க்குக் கீழே போனது.

"பதபூ... நாத்தம் தாங்கல," என்றது தேஜஸின் குரல். பிறகு, "கௌஷிக், இங்க..."

மேற்கொண்டு எதுவும் வரவில்லை. கேமரா விழுந்த சத்தம் கேட்டது. கயிறு விறைத்தது.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மேலே வந்த தேஜஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. சஹானா கன்னத்தில் அறைந்து அறைந்து "தேஜூ, தேஜூ" என்றாள். நெடுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு இருவரும் காத்திருந்தார்கள். அதுவும் வந்தது. பக்கத்து வீட்டு ஆள் ஆட்டோ பிடித்து வந்தார். ஏறும்போது அவள் கௌஷிக்கைப் பார்க்காமல் சொன்னாள்:

"மூடியைப் போட்டுட்டு வா."

முற்றத்தில் அவன் தனியாக நின்றான். கீழே டார்ச் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கறுத்த சோளத்தின்மேல் கேமரா பளிச்சென்று தெரிந்தது. இறங்கி எடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை. ஏணியில் ஒரு கால் வைத்தான்.

காலை எடுத்தான். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மெழுகுவத்தியைப் பற்றவைத்து மெல்ல இறக்கினான். அணைந்தது. மேலே இழுத்து, மறுபடியும் பற்றவைத்தான்.