மோர்வெனின் சோக மெட்டு

போர்ட்ரீ ஊர் மண்டபத்தில் ஆட்டம் களைகட்டியிருந்தது. மேடையில் மூன்று பெண்கள்: கிர்ஸ்டி அக்கார்டியன், ஊனா புல்லாங்குழல், மோர்வென் பிடில். ஆடியவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்ததும், மோர்வென் தான் புதிதாகக் கட்டிய சோக மெட்டை எடுத்தாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உருகி உருகி வாசித்தாள். பாதியில் ஓரக்கண்ணால் பார்த்தால், முன்வரிசையில் மீனவர் டூகல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இறங்கியதும் நேரே அவரிடம் போனாள். "என்ன டூகல், மனசைப் பிசைஞ்சிடுச்சா?"

"மனசாவது! போன ஆட்டத்துல ஒரு தடியன் என் கால்விரலை நசுக்கிட்டான்மா. நடுவுல எந்திரிச்சுப் போனா மரியாதையில்லன்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீயோ முடிக்கவே மாட்டேங்குற!"

மோர்வெனுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஆனாலும் மேடைக்குத் திரும்பி, தோழிகளிடம் அதைத் தானே சொன்னாள். கிர்ஸ்டி குலுங்கிய குலுங்கலில் மடியிலிருந்த அக்கார்டியனின் துருத்தியே அமுங்கி முனகியது.

"அடியே, உன் மெட்டுக்குப் பேர் கிடைச்சிடுச்சுடி," என்றாள் ஊனா.

அடுத்த கச்சேரியில் மோர்வெனே மைக்கைப் பிடித்து அறிவித்தாள்: "இப்போ 'டூகலின் கால்விரல்'. பயப்படாதீங்க, ஒரே தடவைதான் வாசிப்பேன்."